முனியப்பன் பெயருக்கு எதிரே ‘லீவ்’

1

இந்தக் கதை ஒரு லீவ் லெட்டரில் தொடங்கியது, என்னுடையது. மூன்று நாள் கேட்டு எழுத உட்கார்ந்தேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. காய்ச்சல் இல்லை, கல்யாணம் இல்லை, சாவும் இல்லை. தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் இந்த வீட்டில் இப்போது நான் மட்டும்தான். அதை எந்த மேனேஜரிடம் காரணமாகச் சொல்வது? கடிதத்தை மூடிவிட்டு அகராதியைத் திறந்தேன்.

லீவ் ஒரே சொல் அல்ல, இரண்டு என்று போட்டிருந்தது. ஒன்று அனுமதி, அதிலிருந்து விடுமுறை. ‘லவ்’வுக்குத் தூரத்து உறவாம் அது. மற்றொன்று விட்டுப்போவது. ஆதியில் அதற்கு ‘மிச்சம் இருக்கும்படி விடுவது’ என்று பொருள். போனவனைவிட இருந்தவளைத்தான் அந்தச் சொல் முதலில் பார்த்திருக்கிறது.

[‘இருந்தவளை’ என்று கை தானாக எழுதியது. சம்பங்கி அங்கேதான் வந்தாள்.]

2

முதல் தொடக்கம்: ‘1897ஆம் ஆண்டு, தங்கவயலின் வானத்தைப் புழுதி மூடிய ஒரு…’

வேண்டாம். அவள் புருஷனைத் தேடி வந்தவள்; வானம் எதற்கு?

சம்பங்கிக்கு ஊர் குடியாத்தம் பக்கம். சுரங்க வேலைக்கு வந்த புருஷன் முனியப்பனிடமிருந்து எட்டு மாதமாகச் சேதி இல்லை. சுரங்கத்து கேட்டருகே ரைட்டர் ஜெயகரன் ஆள் ரிஜிஸ்தரைப் புரட்டினான். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்தவன். முனியப்பன் பெயருக்கு எதிரே ஒரே சொல்தான் இருந்தது.

“லீவுல போயிக்கிறான்மா.”

“அப்டீன்னா இன்னா அய்யா?”

“சொல்லிக்கினு போயிக்கிறான். வந்துருவான்.”

“ஊருக்கு வர்லியே.”

“வழியில இருப்பான்.”

அவள் திரும்பிப் போகவில்லை. சுரங்கத்துக்கு மேலே, தரையில் கல் பொறுக்கும் வேலையில் சேர்ந்தாள். சனிக்கிழமைதோறும் ஷிப்ட் முடிந்ததும் கூடையோடு ஜெயகரனின் ஜன்னலுக்கு வருவாள்.

“வந்தாரா அய்யா?”

“இன்னும் லீவுதான்.”

3

ஜெயகரனை முதலில் கெட்டவனாக எழுதினேன். சரிவரவில்லை. மனைவி பிரசவத்தில் போய்விட்டவன். தானே சமைத்து, தானே சாப்பிட்டு, ஞாயிறு கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காருபவன். சனிக்கிழமைகளில் மட்டும் இரண்டுமுறை தலை சீவிக்கொள்வான். (எல்லாமே நான் சேர்த்ததுதான். இதைச் சேர்த்ததற்கு மட்டும் கூச்சமாக இருக்கிறது.)

அவள் வந்த ஐந்தாம் மாதம் தலைமை ரைட்டர் ஆர்தரிடம் கேட்டான்.

“யாரு, முனியப்பனா? வேலைய வுட்டுட்டுப் போயிட்டான்யா. ஆப்பிரிக்காவுல நேட்டாலுக்குக் கப்பல் ஏறப்போறேன்னான்.”

“லீவுன்னு எழுதிக்கிறீங்களே அய்யா?”

“போனவனுக்கு வேற இன்னா எழுதுறது? பொஞ்சாதி கீறாளான்னு கேட்டேன். யாரும் இல்லன்னான்.”

அந்தச் சனிக்கிழமையும் அவள் வந்தாள். “இன்னும் லீவுதான்” என்றான். அதுவரை அது அறியாமை, அன்றிலிருந்து பொய். ஆறு வாரம் சொன்னான்.

4

ஏழாவது வாரம் சொல்லிவிட்டான். வேலையை விட்டது, கப்பல், நேட்டால். ஆர்தர் கடைசியாகச் சொன்னதை மட்டும் விழுங்கினான்.

சம்பங்கி அழவில்லை. “பொஞ்சாதி இல்லன்னும் சொல்லிக்கினாராமே?” என்றாள்.

ஜெயகரன் ரிஜிஸ்தரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கூட வேல செஞ்சவன் ஒருத்தன் நான் வந்த மாசமே சொல்லிட்டான் அய்யா.”

“தெரிஞ்சுமா வாரா வாரம் வந்து கேட்டே?”

“இந்த ஊர்ல என்னாண்ட மொகம் பாத்துப் பேசறது நீங்க ஒருத்தருதான். வேற இன்னா கேக்கறதுன்னு தெர்ல.”

5

இதற்கு அவன் என்ன சொன்னான்?

ஒரு பிரதியில் “உக்காரும்மா” என்று முக்காலியை நகர்த்திப் போட்டான். இன்னொன்றில் சங்கு ஊதி, கூட்டம் வந்து, அவள் ஒதுங்கிப் போனாள். முதலாவதில் நான் இருவருக்கும் சம்பந்தம் பேசுகிற மாதிரி இருந்தது. இரண்டாவதில் தப்பித்து ஓடுகிற மாதிரி. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

ஜெயகரன் வாயைத் திறந்துவிட்டான். அவனுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு வாக்கியமும் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அவள் குனிந்து கூடையை எடுக்கிறாள்.