பதினொரு கம்ப்யூட்டரில் உடைந்த ஸ்ரீ

திங்கட்கிழமை காலை, அச்சகத்தின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் பொன்மணி டிசைன் ரூமுக்குள் நுழைந்தபோது, எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு திரையைச் சுற்றி நின்றார்கள். புது வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தின் முதல் பக்கம் அதில் தெரிந்தது. ‘ஸ்ரீராம்குமார்’ என்று முதலாளியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘ஸ’ ஒரு பக்கம், அதன் புள்ளி ஒரு பக்கம், ‘ரீ’ ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்தது.

ஸ்ரீராம்குமார் தன் பெயரையே வெறித்துப் பார்த்தார்.

“ஏம்மா பொன்மணி, என்னைய யாரும்மா இப்பிடிக் கூறு போட்டது?”

பொன்மணிக்கும் சிரிப்பு முட்டியது. ஆனால் சிரிக்கிற நேரமில்லை. புதன்கிழமை ஆடிப்பெருக்கு. சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்கள் வெளிவரும் நாள். கோவையிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஏஜெண்டுகள் வந்து இறங்கிவிடுவார்கள்.

கோளாறு எங்கே என்று ஒரு நிமிஷத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அச்சகத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் லினக்ஸில் ஓடுபவை. காலண்டரின் தினசரித் தாள்களை வரிசையாகக் கோத்துக் கொடுக்கும் புரோகிராம், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய இலவசச் சரக்கு. அதற்கு ‘ஸ்ரீ’ மட்டும் ஒழுங்காக வராது. இரண்டு வருஷத்துக்கு முன் பொன்மணிதான் அதன் மூல நிரலை எடுத்துத் திருத்தி, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கையாலேயே போட்டு வைத்தாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை, தானாக வந்த அப்டேட் ஒன்று அவள் திருத்தத்தின் மேல் ஒரிஜினலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டது. பதினொரு கம்ப்யூட்டரிலும் ஸ்ரீ போச்சு. பன்னிரண்டில் மிச்சமிருந்த ஒன்று, ஏழாம் நம்பர், அணைந்திருந்தது. அதன் முன்னால் உட்காரும் காசிராஜன் இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தார்.

“பளையபடி ஒவ்வொண்ணா போட்டுற வேண்டியதுதான?” என்றாள் டிசைனர் கற்பகவல்லி.

“போட்டா, அடுத்த அப்டேட்ல மறுபடி அளிஞ்சிரும்க்கா. இந்தத் தடவ திருத்துன புரோகிராம நாமளே ஒரு பேக்கேஜாக் கட்டிருவோம். நம்ம பேரு, நம்ம வெர்சன் நம்பர். ஆபீஸ் சர்வர்ல வச்சிருவோம். வெளிய என்ன வந்தாலும் மொதல்ல நம்ம சர்வரத்தான் கேக்கணும்னு அம்புட்டு மிஷினுக்கும் சொல்லி வச்சிருவோம்.”

சொல்வது சுலபமாக இருந்தது. கட்ட ஆரம்பித்தால், ஒரு துணைப் பேக்கேஜ் இல்லை என்று நின்றது. அதைக் கொண்டுவந்தாள். அதற்கு இன்னொன்று வேண்டும் என்றது. அதையும் கொண்டுவந்தாள். ஒவ்வொரு தடவையும் சிவப்பு எழுத்தில் பிழை வரும். ஒவ்வொரு தடவையும் முன்பு நின்ற இடத்தைவிடக் கொஞ்சம் தாண்டிப் போய் நிற்கும். அந்தக் கொஞ்சமே பொன்மணிக்குப் போதை ஏற்றியது. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவேயில்லை. மூன்று மணிக்கு, பத்தாவது முயற்சியில், பிழையில்லாமல் பேக்கேஜ் வந்து விழுந்தது. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

தன் கம்ப்யூட்டரில் நிறுவிப் பார்த்தாள். ஸ்ரீ ஒட்டிக்கொண்டது. கற்பகவல்லி தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்து, “ஏ பொன்மணி, தை அமாவாசைக்கு முழு நெலா காயுது புள்ள!” என்றாள்.

எல்லா அமாவாசைத் தாளிலும் பௌர்ணமி நிலாப் படம் வந்திருந்தது.

பொன்மணி தலையில் கைவைத்தாள். போன வருஷம் இந்தத் தப்பைக் கண்டுபிடித்தவர் காசிராஜன். அவர் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து திருத்தினாள். ஓடுகிற புரோகிராமை மட்டும் மற்றவற்றுக்குக் காப்பி எடுத்தாளே தவிர, திருத்திய நிரலைத் தனியாக எடுத்து வைக்கவில்லை. அது ஏழாம் நம்பரில் மட்டும்தான் இருந்தது; அதன் பாஸ்வேர்டோ காசிராஜனிடம். அதையும் அப்டேட் தின்றிருந்தால்?

செவ்வாய்க்கிழமை காலை காசிராஜன் மொட்டையும் சந்தனமுமாக வந்தார். பொன்மணி வாசலிலேயே மறித்தாள்.

“அண்ணாச்சி, உங்க மிஷினக் கொஞ்சம் பாக்கணும்.”

“அதுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கேன்லா?”

“அப்டேட் எதுவும் வந்துச்சா?”

“தெனமும் கேக்கும். நானும் தெனமும் வேண்டாம்னு அமுக்கிருவேன். வருசக்கணக்கா அமுக்கிக்கிட்டு இருக்கேன்.”

பொன்மணிக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு வந்தது. “அமுக்கினது பெரிய தப்பு அண்ணாச்சி. ஆனா அதுதான் நம்ம அம்புட்டுப் பேரையும் காப்பாத்திருக்கு!”

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் மொட்டையைத் தடவினார். “அந்தத் தப்பக் கண்டுபிடிச்சது நானு. என் பேரு அதுல வருமா?”

“வரும் அண்ணாச்சி. யாரு என்ன செஞ்சாகன்னு எளுதி வைக்கிற எடம் பேக்கேஜுக்குள்ளயே இருக்கு.”

அந்த மாற்றப் பட்டியலில் அவள் தட்டினாள்: ‘வெர்சன் 1, சிவகாசி. அமாவாசையில் நிலா தெரிந்ததைக் கண்டுபிடித்தவர்: காசிராஜன்.’ அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை படித்தார்.

திருத்தத்தைச் சேர்த்து மறுபடி கட்டினாள். தன் இடத்தில் இருந்தபடியே ஒரே கட்டளை கொடுத்தாள். பன்னிரண்டு கம்ப்யூட்டரும் ஆபீஸ் சர்வரிலிருந்து பேக்கேஜை இழுக்க ஆரம்பித்தன.

“ஓடுது தாயி, ஓடுது!” என்று காசிராஜன் கத்தினார். அவர் கம்ப்யூட்டர் இத்தனை காலத்தில் முதல்முறையாக ஒன்றை வாங்கிக்கொண்டது. கற்பகவல்லி ஒவ்வொரு திரையாக ஓடி, “ஸ்ரீ சேந்திருச்சு! இங்கனயும் சேந்திருச்சு!” என்று கூவினாள். சத்தம் கேட்டு அச்சு மிஷின் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

“பொறுங்க, பொறுங்க,” என்றாள் பொன்மணி. அப்டேட்டை அவளே வலியக் கூப்பிட்டாள். திரையில் வரிகள் ஓடின. மற்றதெல்லாம் புதுசாயிற்று. சிவகாசி பேக்கேஜைத் தொடாமல் அப்டேட் முடிந்தது.

அப்போது எழுந்த ஆரவாரத்தில், “எம் பேரு என்னாச்சு?” என்று முதலாளி ஓடிவந்து கேட்டது யார் காதிலும் விழவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஆல்பம் அச்சாகிவிட்டது. மறுநாள் சேலத்து ஏஜெண்ட் தாள்களைப் புரட்டி, “சுத்தமா இருக்குங்களே,” என்றார். காசிராஜன் அவரை ஏழாம் நம்பருக்கு இழுத்துப்போய்த் தன் பெயர் இருந்த வரியைக் காட்டினார். ஏஜெண்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் கைகொடுத்தார்.

நாலு மணிக்குக் காசிராஜன் பொன்மணியிடம் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

“தாயி, ஒரு தப்புக் கண்டுபிடிச்சிட்டேன். பௌர்ணமி நெலாவுல எடது ஓரம் நூல் அளவுக்குச் சப்பையா இருக்கு. ஆல்பத்துல தெரியாது. பெரிய சைஸ் போட்டாத் தெரியும்.”

பெரிதாக்கிப் பார்த்தாள். உண்மைதான்.

“அப்ப வெர்சன் ரெண்டா?” என்றார்.

“வெர்சன் ரெண்டு!” என்றாள் பொன்மணி.

கற்பகவல்லிக்குப் பொறுக்கவில்லை. தன் திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டு அவளும் தப்புத் தேட ஆரம்பித்தாள். சனிக்கிழமைக்குள் வெர்சன் ஏழு வந்துவிட்டது. டிசைன் ரூமில் ஒருவர் பாக்கியில்லாமல் பட்டியலில் ஏறிவிட்டார்கள். ஐந்தாம் வெர்சன் முதலாளியுடையது. விருதுநகர் என்பதில் ‘ரு’வுக்கும் ‘து’வுக்கும் நடுவே இடைவெளி கூடுதல் என்று, அளவுகோல் வைத்துக் கண்டுபிடித்திருந்தார்.