அந்தீஸில் ஒரு கந்தசட்டி

கதிர்காமநாதனுக்குப் பெயரில் மட்டும்தான் முருகன். ஆக்லாந்தில் அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைப் பூசை ஒரு வாடகை ஹோலில் நடக்கும். மனைவி வசந்தமலரை வாசலில் இறக்கிவிட்டு அவர் காருக்குள் இருந்து பேப்பர் வாசிப்பார். சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் வெளியே வருகிற நேரம் மட்டும் எப்படியோ அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். வரிசையில் முதல் ஆளாகப் போய் நிற்பார். கடவுள் இல்லை என்கிறவருக்குப் பிரசாதத்தில் மட்டும் எங்கிருந்து இவ்வளவு பக்தி என்று வசந்தமலர் கேட்பாள். வாய் நிறையப் பொங்கலை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதல்லவா, அவர் சொல்லமாட்டார்.

சாப்பாடு கொஞ்சம் பிந்தினால் போதும், மனுசனுக்குக் கண்மண் தெரியாது. வசந்தமலர் வருடாவருடம் கந்தசட்டி விரதம் பிடிக்கிற ஆறு நாளும் வீட்டில் அவளைவிட அவர்தான் வாடிப்போய்த் திரிவார். அவளோ பகல் முழுக்கத் தண்ணீரோடு இருந்து, இரவில் ஒரு கிளாஸ் பாலும் ஒரு வாழைப்பழமும் எடுத்து, ஏழாம் நாள் காலை பாரணைச் சோறு சாப்பிடும் வரைக்கும் முகம் கோணாமல் இவருக்கு மூன்று வேளையும் சமைத்துப்போடுவாள்.

சாப்பாட்டுக்கு அடுத்தபடியாக அவர் உருகுவது அந்தீஸ் மலைக்கு. யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்த காலத்தில், கரும்பலகையில் தென்னமெரிக்காவைக் கீறி, அதன் மேற்குக் கரை நெடுக மண்ணிறச் சோக்கை அழுத்தித் தேய்த்துவிட்டு, உலகத்திலேயே நீளமான மலைத்தொடர் இதுதான் பிள்ளைகள் என்பார். ஊரிலுள்ள கீரிமலை மேட்டையே மலை என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். படிப்பிக்கிறவரும் அதைக் கண்டதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. நாட்டில் மூண்ட சண்டை அவரை நியூசிலாந்துக்குத் தள்ளிவிட்டது. எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கோப்புகளோடு மாரடித்துக்கொண்டிருந்தார். அங்கே அந்தீஸைப் பற்றிக் கேட்க ஒரு காதும் கிடைக்கவில்லை.

ஆகவே, வழிகாட்டியோடு பெரு நாட்டைச் சுற்றிக்காட்டுகிறோம், குஸ்கோ நகரம், பழைய இன்கா கோட்டைகள், கடைசியில் மலைப்பாதையால் நடந்து மச்சு பிச்சு என்று ஒரு பயண விளம்பரத்தைக் கண்டதும் மனுசன் பிறந்தநாள் பிள்ளையாகிவிட்டார். மழைக்காலம் எப்போது, லீவு எப்போது, விமானம் எப்போது என்று எல்லாம் துருவி ஆராய்ந்து, அடுத்த வருடம் ஒக்டோபர் கடைசி என்று முடிவுகட்டி இரண்டு பேருக்கும் இடம் பதிந்தார். அவர் பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று. பஞ்சாங்கம். தை பிறந்து தமிழ்க் கடையில் புதுக் கலண்டர் கிடைத்ததும் வசந்தமலர் அதைக் குசினிக் கதவில் மாட்டி ஐப்பசியைப் புரட்டினாள். மலை ஏறுகிற நாட்களின் மேல் கந்தசட்டி அப்படியே குந்தியிருந்தது.

அந்த ஒரு வருடம் விட்டுவிடலாம், முருகன் கோபிக்கமாட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் ஆவணியில் மகள் நிலானி போன் எடுத்தாள். வெஸ்ட்கேட் பக்கம் புது வீடு வாங்கிக் குடியிருக்கிற அவளுக்குக் கலியாணமாகி ஆறு வருடம். இரண்டு தடவை தரித்து, இரண்டு தடவையும் கலைந்துபோயிருந்தது. இப்போது மூன்றாவது. நிலானி சந்தோசமாகச் சொல்லவில்லை, பயந்து பயந்து சொன்னாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு விரதத்தை விடுவதாவது. வசந்தமலர் போனை வைத்த கையோடு சாமித்தட்டின் முன் நின்று, இந்தப் பிள்ளை தங்கவேணும், ஆறு நாளும் ஒரு குறையில்லாமல் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். கணவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் பயணத்தையே நிறுத்திவிடுவார், அல்லது விரதத்தை நிறுத்தச் சொல்வார். இரண்டுமே அவளுக்கு வேண்டாம்.

ஒனிஹங்காவில் அவர்கள் வீட்டிலிருந்து ஒன் ட்ரீ ஹில் என்கிற குன்று கிட்ட. மாலையில் இரண்டு பேரும் அதில் ஏறி இறங்கிப் பழகினார்கள். சேலைக்குக் கீழே ஓட்டச் சப்பாத்தோடு அவள் முன்னால் போக, அவர் மூச்சுவாங்கிக்கொண்டு பின்னால் வருவார். ஆகவே மலை தன்னை ஒன்றும் செய்யாது என்று அவள் நம்பியதில் பிழை சொல்ல முடியாது.

விரதம் குஸ்கோவில் தொடங்கியது. ஆக்லாந்திலிருந்து போன கூட்டத்தில் பால் கோவிந்த் என்று மின்சார வேலை செய்கிற பிஜிக்காரர் ஒருவர் இருந்தார். பாட்டனார் காலத்தில் தமிழாக இருந்த குடும்பம். அவருக்கு மிஞ்சியது சோறு என்கிற ஒரு சொல் மட்டும். வசந்தமலர் தன் தட்டை மெல்ல அவர் பக்கம் தள்ளுவாள். எனக்கு இந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துவரவில்லை என்பாள். அவரும் பாவம் பார்த்து எல்லாவற்றையும் சாப்பிட்டு முடிப்பார். கதிர்காமநாதனுக்கு இதைக் கவனிக்க எங்கே நேரம். ஊசி நுழைய இடமில்லாமல் அடுக்கிய இன்காக்காரரின் சுவர்களைத் தடவித் தடவிப் பார்ப்பதும், பிசாக் என்கிற ஊரில் மலைச்சரிவு முழுக்க இறங்குகிற படிவயல்களைக் காட்டி வழிகாட்டிப் பெண்ணுக்கே பாடம் எடுப்பதுமாக இருந்தார். நில்தா என்கிற அந்தக் குஸ்கோக்காரி பொறுமைசாலி. அவர் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு, பிறகு தான் சொல்லவேண்டியதைச் சொல்வாள்.

மனுசனை இவ்வளவு சந்தோசமாக வசந்தமலர் நியூசிலாந்துக்கு வந்தபிறகு கண்டதில்லை. அதற்காகவே தலைச்சுற்றலைச் சொல்லாமல் மறைத்தாள்.

நான்காம் நாள் விரதத்தன்று நடை தொடங்கியது. பாதை ஆற்றோரமாகத்தான் போனது, பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் பொழுதுசாய முகாமுக்கு வந்து சேர்ந்து, முதுகுப் பையை இறக்கக் குனிந்தவள் அப்படியே புல்லில் சரிந்துவிட்டாள்.

கண் திறந்தபோது நில்தா நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். கதிர்காமநாதன் முகத்தில் இரத்தம் இல்லை. இன்று என்ன சாப்பிட்டாய் என்று நில்தா கேட்டாள். பால் கோவிந்த்தான் தலையைச் சொறிந்துகொண்டு, இவளுடைய சாப்பாட்டை நாலு நாளாக நான்தான் சாப்பிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டார். இது மலைநோய் இல்லை, பட்டினி என்று நில்தா சொன்னாள். அவளுக்குக் கோபம் வந்தது. அதை மறைக்கவும் இல்லை. இப்போது சாப்பிடவேண்டும், காலையிலும் சாப்பிடவேண்டும். தெம்பு வந்தால் மேலே போகலாம், இல்லாவிட்டால் குதிரையில் ஏற்றி ரயிலுக்கு அனுப்புவேன். நாளைக்கு ஏறப்போவது இந்தப் பாதையிலேயே உயரமான கணவாய். அதில் வெறும் வயிற்றோடு யாரையும் நான் கூட்டிப்போவதில்லை. அந்தக் கணவாய்க்கு என்ன பெயர் என்று கதிர்காமநாதன் கேட்டார். கேட்காமல் விட்டிருக்கலாம். செத்த பெண் கணவாய் என்றாள் அவள். மலைமுகடு படுத்திருக்கிற பெண் போலத் தெரிகிறதால் வந்த பெயர்தான் என்று விளக்கியும் அவர் முகம் தெளியவில்லை.

சூப் கிண்ணத்தோடு இரண்டு பேரையும் கூடாரத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். அவர் கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கத்தவில்லை.

"கந்தசட்டியோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லே."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நிலானிக்காக நேர்ந்ததைச் சொன்னாள். ஒரு குறையில்லாமல் பிடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்ததைச் சொன்னாள். "இதைக் குடிச்சால் விரதம் முறிஞ்சுபோம். பிறகு அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால், நான்தான் காரணம் எண்டு சாகும்வரைக்கும் நினைப்பன். உங்களுக்கு இது விளங்காது."

அவர் கிண்ணத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். இரண்டு தடவையும் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். காரில் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினார் என்று நிலானி பிறகு சொல்லியிருக்கிறாள்.

"ஒராளாலை ஏலாமல் போனால் வீட்டிலை வேற ஆள் தொடர்ந்து பிடிக்கிறதில்லையோ? உன்ரை அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த வருசம் உன்ரை ஐயா பிடிச்சவரெண்டு நீதானே சொன்னனி."

"பிடிக்கலாம். ஆனால் நம்பிப் பிடிக்கவேணும்."

"எனக்கு முருகனைத் தெரியாது. நிலானியைத் தெரியும். அது காணுமெண்டால் நான் பிடிக்கிறன். நீ குடி."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தேத்தண்ணி பிந்தினால் வீட்டை இரண்டாக்குகிற மனுசன். அதைவிட, சாப்பிடாதவரை நில்தா மேலே கூட்டிப்போகமாட்டாள். அவருடைய அந்தீஸ் இந்தக் கூடாரத்தோடு முடிந்துவிடும். அப்படியென்றால் நானும் உங்களோடு கீழே வருகிறேன் என்றாள். அவர் கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் இறங்கினால் மலையை ஆர் பாக்கிறது? நீ போய் வடிவாப் பாத்துக்கொண்டு வா. நான் ரயிலிலை சுத்தி வந்து மச்சு பிச்சுவிலை நிக்கிறன். எனக்கு எல்லாத்தையும் சொல்லவேணும், விளங்கிச்சோ."

சூப் ஆறிப்போயிருந்தது. அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காலையில் அவர் குதிரையில் ஏறிய கோலத்தைக் கண்டு பால் கோவிந்த்கூடச் சிரித்துவிட்டார். வசந்தமலர் தன் திருநீற்றுப் பொட்டலத்தில் பாதியைக் கொடுத்தாள். மறுப்பார் என்று நினைத்தாள். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கடிவாளத்தைக் கயிறு பிடிப்பது போலப் பிடித்தபடி இறங்கிப்போனார்.

இரண்டு தட்டு ஓட்ஸ் கஞ்சி குடித்துவிட்டு அவள் ஏறினாள். நில்தா கூடவே வந்தாள். மரங்கள் முடிந்து புல் மட்டுமான இடத்தில் மூச்சு நெஞ்சுக்குள் நிற்க மறுத்தது. நின்று, நடந்து, நின்று ஏறினாள். கால் ஓய்ந்த போதெல்லாம் மனம் மட்டும் கீழே ஓடிப்போய், அந்த மனுசன் இந்நேரம் எந்தக் கடையில் பொரித்த மீனுக்கு முன்னால் இருக்கிறாரோ என்று பார்த்தது. சந்தேகப்படுகிறேனே என்று தன்மேலேயே கோபம் வந்தது; சந்தேகமும் போகவில்லை.

கணவாயின் உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. சுற்றிவரப் பனிமலைகள். எல்லாரும் படம் எடுக்க, நில்தா கொக்கா இலை மூன்றைக் கல்லுக்கடியில் வைத்து மலையைக் கும்பிட்டாள். வசந்தமலர் அவள் பக்கத்தில் குந்தி அதே கல்லில் திருநீற்றைப் பூசினாள். மலையில் இருக்கிற தெய்வத்துக்கு எந்த மலை என்று கணக்கு இருக்காது என்று நினைத்தாள். பிறகு எழுந்து நின்று நாலு பக்கமும் நிதானமாகப் பார்த்தாள். அவருக்குச் சொல்லவேண்டும் என்பதால் நிறம், உயரம், மேகம் எங்கே நிற்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்தாள். அப்படி உற்று அவள் வாழ்க்கையில் எதையும் பார்த்ததில்லை.

ஏழாம் நாள் விடியற்காலை சூரிய வாசல் என்கிற கல்வாசலைத் தாண்டியபோது மச்சு பிச்சு கீழே வெளிச்சத்தில் கிடந்தது. கூட்டம் ஆவென்று நின்றது. வசந்தமலர் அதைப் பார்க்கவில்லை. பாதை முடிகிற இடத்தில், முதல் பஸ்ஸில் வந்து ஒரு கற்சுவரில் சாய்ந்திருந்த மனுசனைத்தான் தேடினாள்.

இறங்கிக் கிட்டப் போனாள். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, நெற்றியில் கோணல்மாணலாகத் திருநீறு. பெல்ட்டைக் கடைசி ஓட்டையில் இறுக்கியிருந்தார். அதற்குப் பிறகும் காற்சட்டை நிற்கவில்லை, ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். பொரித்த மீனை நினைத்ததற்காக அவளுக்கு வெட்கமாகிப்போனது. பால்கூடக் குடிக்காமல் தண்ணீரோடு மட்டும் இருந்திருக்கிறார். பாலும் பழமும் எடுக்கலாமே என்று கேட்டதற்கு, அது தனக்குத் தெரியாது என்றார்.

அவள் பையைத் திறந்து, முகாமில் மிச்சம் பிடித்த சோற்றுப் பொட்டலத்தை எடுத்தாள். அவர் கையால் தடுத்தார்.

"முதலிலை மலையைச் சொல்லு."

"நீங்கள் போர்டிலை கீறினதெல்லாம் பிழை," என்றாள் அவள். "கட்டை மலை கீறிப்போட்டியள். அதைவிட எவ்வளவோ பெரிசு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் தண்ணீர் வந்தது. முதல் பிடியை அவள்தான் ஊட்டினாள். வெள்ளைக்காரர் கூட்டம் ஒன்று அதையும் படம் எடுத்துக்கொண்டு போனது.

சித்திரையில் நிலானிக்குப் பெண் குழந்தை பிறந்தது. முருகனா, டொக்டரா என்று அந்த வீட்டில் யாரும் வழக்குப் பேசவில்லை. கதிர்காமநாதன் இன்னும் பூசை நடக்கிற ஹோலுக்கு வெளியே காருக்குள்தான் இருந்தார், பொங்கலுக்குத்தான் உள்ளே வந்தார்.

அந்த வருடக் கந்தசட்டியின் முதல் நாள் வசந்தமலர் முழுகிவிட்டுக் குசினிக்கு வந்தாள். புட்டும் சம்பலும் போட்டு மூடிய தட்டு ஒன்று மேசையில் இருந்தது. உருண்டை உருண்டையாக, அவர் அவித்த புட்டு. நிலானி வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவர் நெற்றியில் திருநீற்றோடு இருந்தார். இன்றைக்கு விரதமல்லவா, எனக்கேன் புட்டு என்று அவள் கேட்டாள்.

"நீ போன வருசமே கைவிட்டிட்டாய். இனி இது என்ரை விரதம். இருந்து சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள். அவர் பிள்ளையை அணைத்துக்கொண்டு, அவள் சாப்பிட்டு முடிகிறவரைக்கும் முகத்தைத் திருப்பி ஜன்னலால் ஒன் ட்ரீ ஹில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.