ஒன்று விட்டு ஒன்று

அன்று சாயங்காலத்துக்குள் ஒன்றும் தேறாவிட்டால் ஆய்வகத்தைக் காலி செய்து, அடுத்த குழுவிடம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆய்வகத்தில் எல்லோரும் குளிர்க்காரி என்று கூப்பிடும் பெண் மறுபடி கருவிகளிடம் போனாள். அணுக்களைக் குளிர வைப்பது அவள் வேலை; லேசர்களைக் கட்டி மேய்ப்பது அவள் கணவன் வேலை. ஒளியாலேயே கட்டங்கள் பின்னி, கட்டத்துக்கு ஓர் அணுவாக உட்கார வைப்பார்கள். ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். நன்றாகக் குளிர்ந்தால் ஒன்று மேலே பார்க்கும், பக்கத்து வீட்டுக்காரன் கீழே பார்ப்பான் என்கிறது புத்தகம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? இவர்களுடைய அணுக்கள் மணியடித்ததும் ஓடும் பள்ளிப் பிள்ளைகளைப் போல இஷ்டத்துக்குத் திரும்பி நின்றன.

முந்தின நாள்தான் அவள் கடைசிச் சுற்றுக் குளிர்விப்பை இன்னும் நிதானமாக்கியிருந்தாள். எல்லாக் கட்டத்திலும் அணு இருக்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு படம் எடுத்தார்கள். பாதிக் கட்டம் காலி.

"போச்சு! ஏங்க, பாதி அணுவை எங்க தொலைச்சீங்க?"

"நான் என்ன சட்டைப்பையிலயா போட்டு வச்சிருக்கேன்?" என்றவன், சுவிட்சுகளைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயையோ, பெருக்குற லேசரை அணைக்க மறந்துட்டேன்."

மேலே பார்க்கும் அணுக்களை மட்டும் துடைப்பம் போலப் பெருக்கி வெளியே தள்ளும் லேசர் அது. எண்ணும்போது அது எரியவே கூடாது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், திறந்தபடியே நின்றாள். காலிக் கட்டங்கள் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. ஒன்று இருந்தது, அடுத்தது இல்லை, அதற்கடுத்தது இருந்தது. அச்சு அசல் சதுரங்கப் பலகை!

"ஏங்க... மேல, கீழ, மேல, கீழ..." சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் குதிக்கக் காலைத் தூக்கினான்.

"குதிச்சீங்க, கொன்னுடுவேன்! மேசை ஆடுச்சுன்னா எல்லாம் போச்சு. இன்னொரு தடவை எடுத்துப் பாக்கணும்!"

வாயைப் பொத்திக்கொண்டு இருவரும் பூனைநடை நடந்தார்கள். அடுத்த படமும் அதேதான். அதற்கடுத்ததும் அதேதான். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சாவி வாங்கப் பேராசிரியர் வந்தார், பின்னாலேயே அடுத்த குழு. திரையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அடுத்த கணம் அந்தப் பெரிய மனிதர் தொம்மென்று குதித்தார். எடுத்துக்கொண்டிருந்த படம் குட்டிச்சுவரானது.

"சார்! முதல்ல வெளிய போங்க சார்!" கத்திய பிறகுதான் யாரிடம் கத்தினோம் என்று அவளுக்கு உறைத்தது.

"போறேம்மா, இதோ போறேன்" என்றவர், வந்தவர்களையும் தள்ளிக்கொண்டு போய்க் கதவை மெல்லச் சாத்தினார். சாவியைக் கேட்கவே இல்லை.