மாவடை மரவடை

அமலநாதன் படிவத்தில் அச்சாகியிருந்த ‘வேலூர் மாவட்டம்’ என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே பொடியெழுத்தில் ‘திருப்பத்தூர்’ என்று எழுதினார். புதூர்நாட்டுப் பக்கம் நிலம் கைமாறும்போதெல்லாம் அவர் இப்படித்தான் செய்வார். அவருக்கு இது கை மூக்கைச் சொறிவதுபோல ஆகிவிட்டது.

“மாவட்டம் பிரிஞ்சி எத்தினி வருசமாச்சி? கவர்மெண்டே பேர மாத்திட்ச்சி. நீங்கதான் இன்னும் அடிச்சிகினு இருக்கீங்க” என்றாள் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஜெபகுமாரி.

அவர் அடுத்த தாளை எடுத்தார். ஒடுகத்தூரிலிருந்து பஸ் மாறி மலையேறி வந்த அலுப்பு காலையிலேயே தோளில் உட்கார்ந்திருந்தது. ஜமுனாமரத்தூர் உரக்கடைக்கு மேலிருந்த அந்த ஒற்றை அறைதான் அவருடைய நிலத்தரகு அலுவலகம். கீழே சந்தை இரைந்துகொண்டிருந்தது.

அந்த ஒப்பந்தப் படிவம் அவர் தொழிலுக்கு வந்த புதிதில், கீழ்நாட்டு நெல் வயல்களுக்காக ஒரு பத்திர எழுத்தர் எழுதிக் கொடுத்தது. அதையே நகலெடுத்து நகலெடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். மனை விற்கும் தரகர்கள் பதிவு எண் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. படிவத்தில் அதற்கு இடமில்லை. மலையில் அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலங்களை நினைத்தபடி விற்க முடியாது. அதைக் கேட்கவும் ஒரு வரி இல்லை. வேலூரில் நடந்த தரகர்கள் கூட்டத்துக்கு அவருக்குப் பதிலாக ஜெபகுமாரிதான் போனாள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது படிவங்களை எடுத்து நடப்புச் சட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள், நிலத்தில் வேறு யாருக்காவது அனுபவ பாத்தியதை, அதாவது பலனை எடுத்துக்கொள்ளும் உரிமை, உண்டா என்று தனியாகக் கேளுங்கள், கையெழுத்துக்கு முன் முழுசாகப் படித்துக் காட்டுங்கள் என்று அங்கே ஒரு வக்கீல் சொன்னார். அவள் அதன்படி ஒரு மாதிரிப் படிவம் தயாரித்துக் கணினியில் போட்டு வைத்தாள். அவர் இன்னும் அதைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கலாம் என்பார். பார்க்கலாம் என்பதும் ஒருவகைச் சோர்வுதான்.

சந்தை இரைச்சல் ஓயும் நேரத்தில் ஒரு பெண் படியேறி வந்தாள். இடுப்பில் சுருட்டிய சாக்குகள். பச்சையம்மா என்று பேர் சொன்னாள். அவர் மூலமாகப் புதூர்நாட்டில் நிலம் விற்ற மோகனின் தங்கை என்றாள். அவளுக்கு வேண்டியது ஒரே விஷயம். அண்ணன் விற்ற நிலத்து ஓரத்தில் நிற்கும் புளிய மரங்கள் அவளுடையவை. பழம் உலுக்கப் போனால் கம்பி வேலி போட்டிருக்கிறது. வாங்கிய சுப்பிரமணி உள்ளே விடவில்லை. வெட்டுவதற்கு மர வியாபாரியிடம் பேசிவிட்டானாம்.

“நிலம் அவனுது, மரம் என்னுதுண்ணா. கல்யாணத்தப்ப எங்கப்பா ஊர் பார்க்கக் குடுத்தது” என்றாள்.

அமலநாதன் அந்த ஒப்பந்தத்தின் நகலைத் தேடி எடுத்தார். அவர்கள் வகையறாவில் நிலம் மகனுக்கு, மரம் மகளுக்கு என்று பிரிப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும். எத்தனையோ வீடுகளில் கேள்விப்பட்டிருக்கிறார். படிவத்திலோ, ‘மாவடை மரவடை உட்பட’ என்று இருந்தது. நிலத்தில் நிற்கும் எல்லா மரங்களும் சேர்த்து என்று அதற்குப் பொருள். கீழ்நாட்டுப் பத்திரம் எதிலும் வருகிற வரிதான். அந்த ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் கிரயப் பத்திரமும் எழுதிப் பதிவானது. மோகன் அதைப் படித்துப் பார்க்கவில்லை. மரத்தைப் பற்றிச் சொல்லவும் இல்லை. தங்கையின் மரம் நிலத்தோடு போகாது என்பது ஊரில் குழந்தைக்கும் தெரிந்தது. அதைப் போய் யார் சொல்வார்கள்?

“உங்கண்ணன் கையெழுத்து போட்டிருக்காரேம்மா” என்றார். சொன்னதும் தன் குரலே அவருக்குப் பிடிக்கவில்லை.

பச்சையம்மா சாக்குகளை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். ஜெபகுமாரி கணினியை அணைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

“ஜீப்பு சொல்லவா?” என்று மட்டும் கேட்டாள்.

மூவரும் சுப்பிரமணியைப் பார்க்கப் போனார்கள். அவனும் மலைக்காரன்தான். திருப்பூரில் தையல் மிஷினோடு பல வருஷம் மல்லுக்கட்டிச் சேர்த்ததைப் போட்டு அந்த நிலத்தை வாங்கியிருந்தான். அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான், டீ கொடுத்தான். வழக்கம் தனக்கும் தெரியும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் பேப்பரில் மரம் சேர்ந்திருந்ததைப் பார்த்து, மோகன் தங்கையிடம் பேசி முடித்துவிட்டான் என்றுதான் நினைத்தானாம். மரத்தையும் சேர்த்துத்தான் விலைக்கு ஒத்துக்கொண்டதாகச் சொன்னான்.

“நான் யாரையும் ஏமாத்தல சார். மரம் நிக்கற எடத்துலதான் வூடு வருது. கடக்கால் குறிச்சாச்சி. உங்க பேப்பர நம்பித்தான் வாங்கினேன். இப்ப நீங்களே வந்து அது தப்புன்னா, நான் இன்னா பண்றது?”

மரங்களை விட்டுக்கொடுத்தால் தன் தரகுப் பணத்தைத் திருப்பித் தருவதாக அமலநாதன் சொல்லிப் பார்த்தார். சுப்பிரமணி தலையை ஆட்டி மறுத்தான். கோபமாக இல்லை. களைப்பாகத்தான் மறுத்தான். கடைசியில், இந்த ஒரு பருவம் மட்டும் பச்சையம்மா பழம் எடுத்துக்கொள்ளட்டும், அதற்குப் பிறகு வெட்டிக்கொள்கிறேன் என்று இறங்கி வந்தான். அமலநாதன் வேலூர் வக்கீலுக்குப் போன் செய்தார். அவளிடம் எழுத்தில் ஒன்றுமில்லை, எதிரில் பதிவான பத்திரம் இருக்கிறது, வழக்குப் போடலாம், எப்போது முடியும் என்று யாரும் சொல்ல முடியாது என்று வக்கீல் சொன்னார். பச்சையம்மா வழக்கு வேண்டாமென்று தலையசைத்தாள்.

மோகன் அன்று வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. தங்கை வந்திருப்பது தெரிந்தும் வரவில்லை. அவள் கணவன் வீடு மலைக்கு அந்தப் பக்கம். புளி உலுக்கும் பருவத்தில் வந்து தங்கிப் போவதுதான் பிறந்த வீட்டோடு அவளுக்கிருந்த போக்குவரத்து. அண்ணி சோறு போடுவாள், அண்ணன் மரமேறுவான். அடுத்த வருஷம் எதற்கு வருவாள்?

ஊருக்குத் திரும்பும் வழியில் ஜெபகுமாரி ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மறுநாள் அவரே கணினி முன் உட்கார்ந்தார். அவள் தயாரித்திருந்ததை வரி வரியாகப் படித்தார். மரம், கிணறு, வழி, விளைச்சல் இவற்றில் யாருக்குப் பங்கு என்று தனித்தனியாகக் கேட்கும் பகுதியைச் சேர்த்தார். வக்கீலிடம் காட்டித் திருத்தினார். பழைய நகல்களை ஜெபகுமாரி கிழித்தபோது தடுக்கவில்லை.

புளி உலுக்கும் நாளில் அவர் புதூர்நாட்டுக்குப் போனார். ஏன் போகிறோம் என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. மரத்தின்மேல் பச்சையம்மாவின் கணவன் கிளையை உலுக்க, அவள் கீழே பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மோகன் வேலிக்கு வெளியே நின்றிருந்தான். உள்ளே வரும்படி அவளும் கூப்பிடவில்லை, அவனும் வரவில்லை.

அமலநாதன் குனிந்து கொஞ்ச நேரம் அவளோடு பழம் பொறுக்கினார். பிறகு, படிவத்தை மாற்றிவிட்டதாகவும், இனிமேல் எல்லாவற்றையும் கேட்டு, படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவதாகவும் சொன்னார். மன்னித்துவிடு என்று சொல்ல வந்தவர் அதைத்தான் சொன்னார்.

அவள் சாக்கு நிறைந்ததும் அதன் வாயைக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“நீங்க பொய் சொல்லலண்ணா. எங்கண்ணனும் சொல்லல. வாங்கினவரும் சொல்லல. யாரும் பொய் சொல்லாமயே என் மரம் போயிட்ச்சி. சட்டம் மாறுது, ஊருக்கு ஊரு வழக்கம் மாறுது. அத்த பாத்துப் பாத்து காயிதத்த மாத்தி வெக்கறது உங்க வேல. நீங்க சோம்பிட்டீங்கன்னா, எழுதினவங்களுக்கு ஒண்ணும் ஆவறதில்ல. அந்தக் காயிதத்துல பேரே இல்லாத என்ன மாதிரி ஆளுங்கதான் தெருவுல நிக்கறோம்.”