எஜிர்பாவுக்குப் பாட்டு கிடையாது

எஜிர்பா செத்துப்போனதுகூட குவான்சிமாவுக்கு அவ்வளவு உறைக்கவில்லை. செத்தவளின் அடக்கத்தில் பாட்டு கிடையாது என்று போதகர் சொன்னாரே, அதுதான் நெருப்பாய்ப் பற்றிக்கொண்டது.

இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஃபான்டி இன மீனவர்களின் அந்த ஊர் மெதடிஸ்ட் கோயிலில் பிரசங்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வசனம் மனதைத் தொட்டுவிட்டால் போதும், பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்து தன் சொந்தச் சொல்லில் ஒரு பாட்டை எடுத்துவிடுவாள். மொத்தக் கோயிலும் அவளுக்குப் பதில் பாடும். பாட்டு முடியும்வரை போதகர் வாயை மூடிக்கொண்டு நிற்பார். பாமாலைப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாத பெண்கள் என்றைக்கோ அடம்பிடித்து வாங்கிக்கொண்ட உரிமை அது. அங்கே பாட்டை எடுப்பவள் குவான்சிமா. அவள் மூச்சு வாங்குவதற்குள் அதைப் பிடுங்கித் தன் போக்கில் இழுத்துக்கொண்டு போனவள் எஜிர்பா.

"பாட்டுத் திருடி! உனக்குன்னு ஒண்ணு வராதாடி?" என்று மீன் புகைபோடும் அடுப்படி வரைக்கும் குவான்சிமா திட்டிக்கொண்டே போவாள்.

"நீ இழுக்கிற இழுவைக்கு நான் பிடுங்கலேன்னா ஊரே தூங்கிப்போயிருக்கும். நன்றி சொல்லிட்டுப் போ" என்பாள் எஜிர்பா.

எஜிர்பா செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். படகோட்டி கொபினாவோடு குடும்பம் நடத்தினாள், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள், கோயிலில் மோதிரம் மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. கொபினாவுக்குக் கோயில் படி ஏறவே கூச்சம். மீன்பிடி காலம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டே காலத்தை ஓட்டிவிட்டான். முந்தைய போதகர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள். புதிதாக வந்த டாட்ஸி போதகர் அப்படியில்லை. வயதில் சின்னவர், சபை விதிகளைக் கரைத்துக் குடித்தவர்.

குவான்சிமா அவர் வீட்டுக்கே போய் நின்றாள்.

"அம்மா, உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா எஜிர்பாவோட பெட்டி கோயிலுக்குள்ள வராது. கல்லறைத் தோட்டத்துல வந்து ஒரு சின்ன ஜெபம் பண்றேன். பாட்டு கிடையாது" என்றார் டாட்ஸி.

"உங்க பிரசங்கத்துக்கு அவ பாடினப்போ மோதிரம் எங்கேன்னு கேக்கலியே ஐயா? அப்போ மட்டும் இனிச்சுதா?"

போதகர் குரலை உயர்த்தினார். "அந்த அடக்கத்துல யார் பாடினாலும் அவங்க சபைக்கு வெளியே. அவங்க செத்தாலும் இதே கதைதான். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அது குவான்சிமாவைத் தொட்ட இடம் சாதாரண இடமில்லை. அந்த ஊரில் ஒருத்தி எப்படி வாழ்ந்தாள் என்பதைப் பெட்டி தூக்குகிற அன்றைக்குத்தான் கணக்குப் பார்ப்பார்கள். தன் அடக்கத்துக்கான வெள்ளை உடுப்பைக் குவான்சிமா எப்போதோ தைத்து மடித்து வைத்துவிட்டாள். என்ன பாட்டு, யார் எடுக்க வேண்டும் என்பதையெல்லாம்கூட முடிவு செய்திருந்தாள். அடுத்த வீட்டு அராபா மட்டும் கூடாது, அவளுக்குத் தொண்டை கிடையாது. கோயில் நிறைய ஆட்கள் நின்று தன்னைப் பாடி அனுப்புவதை நினைத்துப் பார்த்தால் குவான்சிமாவுக்குச் சாவே கொஞ்சம் இனிக்கும். ஆசைதான், அதிலென்ன வெட்கம்?

சனிக்கிழமை பெட்டியைக் கோயில் வாசலைக் கடந்துதான் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு சாத்தியிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் டாட்ஸி யாரையும் பார்க்காமல் ஜெபத்தை ஓட்டினார். கறுப்புத் துணி கட்டிய பாட்டுக்காரப் பெண்கள் தலையைக் குனிந்து நின்றார்கள். எதிர்ப்பக்கம் கொபினாவும் அவனுடைய படகு ஆட்களும். ஆமென் சொன்னதும் பெட்டி இறங்கியது. கயிறு உரசுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. ஒரு நாய் செத்தால்கூட இதைவிட அதிகமாகச் சத்தம் கேட்டிருக்கும்.

குவான்சிமாவுக்குத் தாங்கவில்லை. உடுப்பும் போகட்டும், பெட்டியும் போகட்டும்.

"கதவத் திற, கர்த்தரே, எஜிர்பா வந்திருக்கா! மீன் வாசத்தோட வந்திருக்கா, கதவத் திற!"

பெண்கள் திடுக்கிட்டார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அராபா தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் இல்லாத பாட்டு வெறும் கூச்சல்தானே, அது அப்படியே காற்றில் தொங்கியது. வழக்கமாக இந்த இடத்தில்தான் எஜிர்பா பிடுங்குவாள். வருஷக்கணக்காகத் திட்டித் தீர்த்த அந்தத் திருட்டுக்காகக் குவான்சிமாவின் மனசு ஏங்கிப்போனது. பிடுங்கேண்டி, இன்னும் ஒரே ஒரு தடவை பிடுங்கேண்டி என்று உள்ளே கதறியது.

"அம்மா, வேண்டாம்" என்றார் போதகர்.

அவள் மறுபடியும் எடுத்தாள், முன்னைவிட உரக்க. "கதவத் திற, கர்த்தரே!"

"திற, கர்த்தரே, திற!"

கொபினா. சுருதி எங்கோ, அவன் எங்கோ. கரையில் வலை இழுக்கும்போது பதில் குரல் கொடுப்பானே, அதே கரகரத்த குரல். கண்ணீரும் சளியுமாய் நின்று கத்தினான்.

"கொபினா, நிறுத்துப்பா! உன்னையும் சபையை விட்டுத் தள்ள..."

"என்னை எங்கேருந்து ஐயா தள்ளுவீங்க? நான்தான் உள்ளேயே வரலியே!"

படகு ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். சிரித்த வாயோடேயே அவனும் சேர்ந்துகொண்டான். பிறகு படகு முழுக்க. "திற, கர்த்தரே, திற!" கயிறு இழுக்கிற தாளத்தில் தரையை மிதித்துக்கொண்டு பாடினார்கள். அதற்குமேல் அராபாவால் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தொண்டையே இல்லாத அந்த அராபா எடுத்த எடுப்பில் கல்லறைத் தோட்டமே அதிர்ந்தது. அவளுக்குப் பின்னால் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாப் பெண்களும் பாடினார்கள்.

டாட்ஸி கூட்டத்தை விலக்கிக்கொண்டு குவான்சிமாவின் பக்கத்தில் வந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. அவளுக்காக நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

"நான் சொன்ன வார்த்தையை மாத்த முடியாதும்மா. உங்க பெட்டி வர்ற அன்னைக்கு யார் பாடுவாங்க?"

சுருக்கென்றது.  குவான்சிமா துணி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அது அன்னைக்கு உயிரோட இருக்கிறவங்க கவலை ஐயா. இன்னைக்கு உயிரோட இருக்கிறவ நான்" என்றாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவளுக்கு நான் இன்னும் பாடி முடிக்கலே."

பாட்டின் அடுத்த அடியை எடுத்தாள்.