கடைத்தெரு வாய் மூடிய ஆறு நிமிடம்

ஒரு கடைத்தெருவின் ஆறு நிமிட மௌனத்துக்கு எந்தச் சந்தையிலும் விலை எழுதித் தொங்கவிட்டதில்லை. அன்று அதன் விலை ஒரு டஜன் பூட்டு, பட்டறை ஆட்கள் அத்தனை பேருக்கும் டீ, கூடவே பிறந்ததிலிருந்து ஓயாத ஒரு வாய். வாய்க்குச் சொந்தக்காரர், அந்த மௌனத்தைத் தேடி அலைந்தவளின் கணவர்.

பூட்டு மொத்த வியாபாரி அவர். கோடை முழுக்க ஆராய்ச்சி என்று வேற்றூரில் வந்து உட்கார்ந்துவிட்ட மனைவியைப் பார்க்க, கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு நாலு நாளைக்கு வந்திருந்தார். ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் வாருங்கள் என்று அழைத்தவள் அவள்தான். ஆனால் காலையிலிருந்து அவள் காட்டியதெல்லாம் ரோட்டில் பதிந்த இரும்பு மூடிகள். ஒவ்வொன்றின் மேலும் குனிந்து, பிறந்த வீட்டு உறவை அறிமுகப்படுத்துகிற மாதிரி, "இதுக்குக் கீழேதான் வால்வு இருக்கு" என்றாள்.

"நல்ல ஊருதான். எல்லாத்தையும் மூடி வெச்சிருக்காங்க" என்றார் கணவர். "மணிக்கூண்டு, ஏரி, அந்த மாதிரி எதுவும் கிடையாதா?"

"இருக்குங்க. ஆனா அதெல்லாம் ஒழுகறதில்ல."

ஒழுகுவதுதான் அவள் ஆராய்ச்சி. மண்ணுக்கடியில் தண்ணீர்க் குழாய் எங்கே ஓட்டையாகியிருக்கிறது என்று தோண்டாமல் காதால் கண்டுபிடிப்பது. இரும்புக் குழாய் உளறுவாய். ஓட்டை விழுந்தால் தெருமுனை வரை சொல்லிவிடும். பிளாஸ்டிக் குழாய் கமுக்கம். சத்தத்தை விழுங்கிவிட்டுச் சும்மா கிடக்கும். அதைப் பேசவைக்க அவள் ஒரு கணக்கு எழுதியிருந்தாள். மூன்று மைக்கைத் தரையில் ஒட்டி, கசிகிற சத்தம் எந்த மைக்குக்கு முதலில் வந்தது என்று பார்த்து இடத்தைச் சொல்லும் கணக்கு. ஆய்வுக்கூடத்தில் அது அச்சாகப் பலித்தது. கடைத்தெருவில் அவள் சொன்ன இடத்தில் தோண்டிய இரண்டு குழியும் காய்ந்து கிடந்தன. 'ரோட்டு டாக்டர்' என்று அவளுக்குப் பேர் வைத்திருந்த தெரு, இரண்டாவது குழிக்குப் பிறகு அதை வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தது.

மத்தியானம் குடிநீர் இன்ஜினியர் போன் செய்தார். "அஞ்சு மணி வரைக்கும் ரோடு வெட்டப் பர்மிஷன் வாங்கிட்டேன்மா. இதான் கடைசிக் குழி. இதுவும் காஞ்சு கிடந்தா, நீங்க மைக்கையெல்லாம் பெட்டியில போட்டுக்கிட்டு ஊருக்குக் கிளம்பிட வேண்டியதுதான்."

கடைத்தெருவுக்குப் போய் ஹெட்போனை மாட்டியவள் உடனே கழற்றினாள். ஒரு பக்கம் கிரில் பட்டறை, எதிரே மெக்கானிக், அடுத்து சலூன் பாட்டு, ஜூஸ் கடை மிக்ஸி. "இதுல குழாய் பேசறது எங்கேங்க கேக்கும்? ராத்திரியில லாரி சரக்கு இறக்குது. ஆறே நிமிஷம் சும்மா இருந்தா போதும். போன வாரம் கேட்டேன். எல்லாரும் தலையாட்டினாங்க, ஒருத்தரும் நிறுத்தல."

"எப்படிக் கேட்டே?"

"ஆறு நிமிஷம் நிறுத்துங்கன்னு."

கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வேணுங்கறதையே கேக்கறவளைப் போய்க் கட்டிக்கிட்டேனே! ஆறு வேணும்னா அரை மணி கேக்கணும்டி."

நேரே பட்டறைக்குள் நுழைந்தார். "அரை மணியா? என் வீட்டு அடுப்புல நீ வந்து உக்காருவியா?" என்று பட்டறைக்காரர் எகிறினார். இருபதுக்கு இறங்கி, பத்துக்கு இறங்கி, டீயும் சொன்ன பிறகு, "ஏழு. அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது" என்று பட்டறைக்காரர் ஜெயித்த முகத்தோடு முடித்தார். மெக்கானிக் பூட்டுக்கு மசிந்தார். இரண்டு முனையிலும் கயிறு கட்டி வண்டிகளை நிறுத்தவும் ஒப்புக்கொண்டார். சலூன்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பாட்டு அவருக்கே அலுத்திருந்தது.

ஜூஸ் கடை அக்காதான் இடுப்பில் கை வைத்தாள். "தம்பி, உனக்கு வேண்டியது ஆறு நிமிஷம். அந்தப் பொண்ணு அன்னிக்கே சொல்லுச்சு. எங்கிட்ட எதுக்கு அரை மணியிலேர்ந்து படி இறங்கறே?"

கணவர் அசடு வழிந்தார். "சரிக்கா, நீங்களே ஒரு விலை சொல்லுங்க."

"வந்ததிலேர்ந்து இந்தத் தெருவுல பெரிய சத்தமே நீதான். நீ வாயை மூடு, நான் மிக்ஸியை மூடறேன்."

மெக்கானிக் விசில் அடித்தார். தெரு அடங்கியது. ஆனால் ஹெட்போனில் இன்னும் 'கிறீச், கிறீச்' என்றது. கணவரின் புதுச் செருப்பு! அவள் சட்டென்று கையை உயர்த்த, அவர் தூக்கிய காலைத் தூக்கியபடியே விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு நிமிடமும் அப்படியே. செருப்பும் ஓய்ந்ததும் மண்ணுக்குள்ளிருந்து, யாரோ காதோடு ரகசியம் சொல்ல வாயெடுத்த மாதிரி, மெல்லிய ஒரு 'ஸ்ஸ்ஸ்' எழுந்து வந்தது. அவள் லேப்டாப் பக்கம் திரும்பினாள்.

லேப்டாப் காட்டிய இடம் ஜூஸ் கடைப் படியோரம்.

"மேப்புல குழாய் எதிர்ப்பக்கம் போகுதேம்மா" என்று இழுத்தார், தோண்டும் ஆட்களோடு வந்து சேர்ந்த இன்ஜினியர்.

"மேப் போட்டவர் குழாயைப் பார்த்திருக்க மாட்டார் சார். நான் காதால கேட்டுட்டேன். இங்கே தோண்டுங்க." பேரம் இல்லை, ஒரே விலை.

தோண்டினார்கள். புழுதி. முழங்கால் ஆழத்திலும் புழுதி. "டாக்டரம்மா, பேஷண்ட் போய்ச் சேர்ந்துட்டாரா?" என்றார் பட்டறைக்காரர். இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை, கடப்பாரையின் நுனியை மட்டும் பார்த்தாள். அடுத்த குத்தில் அது ஈரமாக வெளியே வந்தது. அதற்கடுத்த குத்தில் தண்ணீர் பீறிட்டு இன்ஜினியரைத் தலையோடு காலாக நனைத்தது.

தெரு 'ஹோ' என்று கத்தியது. கணவர் வாயைப் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"பேசித் தொலை" என்றாள் அக்கா.

"என் பொண்டாட்டிடா!" என்ற கத்தலில் மணிக்கூண்டே திரும்பிப் பார்த்திருக்கும்.

இன்ஜினியர் சட்டையைப் பிழிந்தபடி வந்தார். 'அம்மா' போய் 'மேடம்' வந்திருந்தது. "மேடம், இதே மாதிரி தண்ணிக் கணக்கு இடிக்கிற தெரு இன்னும் பதினாலு இருக்கு. கோடை முடியறவரைக்கும் உங்களை எங்கேயும் விடறதா இல்ல. சாரையும் கூட்டிட்டு வாங்க."

அவள் ஈர மண்ணில் நின்றபடியே மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். மொத்தம் பதினைந்து தெரு. முடிந்தது ஒன்று. கணவருக்கு விடுமுறை இன்னும் மூன்று நாள். நாளொன்றுக்கு இரண்டு வீதம் ஆறு. மீதித் தெருக்களின் வாயை அவளே தனியாக நின்று அடைக்க வேண்டும். பாக்கி எட்டு.