ஐம்பதில் ஓடிய சாலை

நகரத்து விரைவுச்சாலையின் மேல் தொங்கும் வேக வரம்புப் பலகைகளில் எண்ணை ஏற்றி இறக்குவது என் வேலை. ஊரே என்னைத் திட்டும். அதில் முதல் குரல் என் அக்கா புருஷனுடையது. சாப்பிட உட்கார்ந்தாலும் விடமாட்டார். அடுத்தவர் வேகமாகப் போனால் எனக்கு வயிறெரியுமாம், அதனால்தான் எண்ணைக் குறைக்கிறேனாம். அவரிடம் யார் மல்லுக்கட்டுவது என்று நானும் விட்டுவிடுவேன்.

அன்று மாலை அவரே கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தார். அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. வாடகைக் காரில் என் சாலையில்தான் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. இது தவமாய்த் தவமிருந்து வந்தது.

திரையைப் பார்த்தேன். அவர்களுக்கு முன்னால், பாலத்தருகே வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஒருவன் பிரேக்கைத் தொட்டால் பின்னால் வருபவன் இன்னும் அழுத்தி மிதிப்பான். அப்படியே மொத்தச் சாலையும் நின்றுவிடும். கணினி ஐம்பதுக்கு இறக்கச் சொன்னது. நான் பொத்தானை அழுத்தினால்தான் பலகை மாறும்.

"எண்பது போடும்மா. உன் கையிலதானே இருக்கு? கால்ல வேணாலும் விழறேன்" என்றார் மாமா. எப்போதும் கிண்டல் பேசும் மனுஷன் இப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. எண்பது போட்டால் எல்லோரும் பாய்வார்கள், பாலத்தில் போய் அடைத்துக்கொண்டு நிற்பார்கள். தெரிந்தும் ஐம்பதை அழுத்த விரல் வரவில்லை. ஒருவேளை என் கணக்குத் தப்பினால் அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன்?

அக்கா போனைப் பிடுங்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "எதப் போட்டா வண்டி நிக்காம போகும்டி?"

"ஐம்பது."

"அப்ப அதையே போடு. இந்த ஆள நான் பாத்துக்கறேன்."

அழுத்தினேன். மாமா தலையிலடித்துக்கொள்வது போனில் கேட்டது. பாழாய்ப்போன பாலத்தில் வண்டிகள் இடைவெளி விட்டு ஒரே சீராக ஓட ஒரு யுகமானது போலிருந்தது. பிறகு வண்டிகளின் பின்னால் எரிந்த சிவப்பு பிரேக் விளக்குகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அவர்கள் கார் மெதுவாகத்தான் போனது, ஆனால் எங்கேயும் நிற்கவில்லை. போ தங்கமே, போ என்று திரையைப் பார்த்துப் பிதற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் தண்ணீரை நகர்த்தி வைத்தார். கார் ஆஸ்பத்திரிக்குப் பிரியும் வழியில் இறங்கி மறைந்தது.

வேலை முடியும் நேரத்தில் மாமா மறுபடி கூப்பிட்டார். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா நல்லா இருக்கா. பொண்ணும்மா. ரொம்ப அழறா, போனை வச்சிடவா?"

"வேண்டாம் மாமா" என்றேன். "இன்னும் கொஞ்சம் அழட்டும்."